கிராம் கணக்கில் ஒரு கார்

கண்டியில் கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவதை விட பிரேக்கைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஓர் இறக்கம் காத்திருக்கும். கொழும்புக்கென்றால் கடுகண்ணாவைக் கணவாய். மகியங்கனைக்கென்றால் பதினெட்டு வளைவு. நுவரெலியா போய்த் திரும்புவதென்றால் 1,868 மீற்றர் உயரத்திலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாக 500 மீற்றர் வரைக்கும் இறங்கி வர வேண்டும். இறங்கும் கார் தன் எடையைத்தான் சூடாக மாற்றி பிரேக்கில் கொட்டிக்கொண்டு வருகிறது. எடை பாதியானால் அந்தச் சூடும் பாதி.

ஏற்றத்திலும் இதே கதைதான். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும் கார், தன்னிடமுள்ள ஒவ்வொரு 100 கிலோவையும் மேலே தூக்குவதற்கு மட்டும் இரண்டு குதிரை வலுவுக்கு மேல் செலவழிக்கிறது. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கும்போது இந்தக் கணக்கை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் போடுகிறேன். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜின் பின்கட்டில், சீமெந்துத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் காட்டினார். அப்போது அவருக்குப் பின்னால் நாலு மரக்குற்றிகள் மேல் ஒரு இரும்புச் சட்டகம் இருந்தது. அதுதான் பிறகு எங்கள் கார் ஆனது.

மாமாவுக்கு இந்த ஆசை பிடித்தது சிறுவயதில், மகாகஸ்தோட்டையில். நுவரெலியாவில் அங்கேதான் கார்களின் மலையேற்றப் போட்டி 1934இலிருந்து நடந்து வருகிறது. ஏப்ரல் வசந்த காலத்தின் பெரிய கொண்டாட்டங்களில் ஒன்று. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவே ஒடுங்கிய தார் ரோடு, அடுத்தடுத்துக் கொண்டையூசி வளைவுகள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏறும், போட்டி கடிகாரத்தோடு. அறுபதுகளில் தாத்தா மாமாவைக் கூட்டிப் போவாராம். பெரிய எஞ்சின் வைத்த கனத்த கார்கள் நேர்ப் பாதையில் உறுமிக்கொண்டு வந்து வளைவில் திணற, 848 சிசி எஞ்சின் வைத்த மினிகள் வளைவுக்குள் புகுந்து வெளியே வந்துவிடும் என்று மாமா கையை வளைத்துக் காட்டுவார். மினியின் எடை 600 கிலோ சொச்சம். அன்றைக்கு அவர் மனதில் பதிந்தது அந்த எண்தான்.

அவர் கட்ட நினைத்த கார் மினியையும் விட இலேசானது. இங்கிலாந்தில் கொலின் சாப்மன் 1957இல் வெளியிட்ட லோட்டஸ் செவன். கூரையில்லை, கதவில்லை, இரண்டே இருக்கை, சுமார் 500 கிலோ. சாப்மன் அதைப் பாகங்களாக ஒரு பெட்டியில் போட்டு விற்றார்; வாங்கியவர் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். முழுக் காருக்கு அந்த நாட்டில் அப்போது கொள்முதல் வரி இருந்தது, பாகங்களுக்கு இருக்கவில்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, கடைசியிலிருந்து முதலுக்கு வாசிக்கச் சொன்னார்கள் என்று கார்ப் பைத்தியங்கள் இன்றும் சொல்லிக்கொள்வார்கள். 1973இல் அந்தக் காரின் உரிமை கேட்டர்ஹம் நிறுவனத்துக்குப் போனது. இன்றும் அங்கே கிட்டத்தட்ட அதே காரைச் செய்கிறார்கள்.

மாமாவிடம் கேட்டர்ஹம் பெட்டி வாங்கும் காசு இல்லை. 1996இல் ரொன் சாம்பியன் என்ற ஆங்கிலேய ஆசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். 250 பவுணுக்கு உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டலாம் என்பதுதான் அதன் தலைப்பே. சதுரக் குழாய்களை எந்த அளவில் வெட்ட வேண்டும், எந்தக் கோணத்தில் ஒட்ட வேண்டும் என்று எல்லாம் அதில் படம் போட்டிருக்கும். லண்டனில் இருந்த சித்தப்பா ஒருவர் வரும்போது கொண்டுவந்தார். அந்தப் புத்தகத்தின் அட்டை கிழிந்து, பக்கங்களில் ஒயில் ஊறி, ஓரமெல்லாம் மாமாவின் தமிழ்க் குறிப்புகளோடு இன்றும் இருக்கிறது.

புத்தகம் பழைய போர்ட் எஸ்கோர்ட்டை உடைக்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் அது மூலைக்கு மூலை கிடைத்த கார். கண்டியில் எஸ்கோர்ட்டுக்கு எங்கே போவது? இங்கே கிடைப்பது டொயோட்டா. பின் சில்லால் ஓடும் சின்ன டொயோட்டாக்கள், கேபி61 ஸ்டார்லட்டும் கேஈ70 கொரோலாவும், அப்போது மலிந்து கிடந்தன. கம்பளைப் பக்கம் மரத்தில் மோதி நசுங்கிய ஒரு ஸ்டார்லட்டை மாமா வாங்கினார். எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு மூன்றும் அதிலிருந்து வந்தன. 1,290 சிசி 4கே எஞ்சின். வார்ப்பிரும்பு உடல், அலுமினியத் தலை, கம்பி தள்ளித் திறக்கும் வால்வு. நாட்டின் எந்த மூலையிலும் அதைப் பிரிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

முன்பக்கத்துக்கு ஸ்டார்லட் உதவவில்லை. அதன் முன் சஸ்பென்ஷன் உயரமான ஸ்ட்ரட். எங்கள் காரின் மூக்கோ முழங்கால் உயரம். அங்கேதான் தாத்தாவின் ட்ரயம்ப் ஹெரால்ட் கைகொடுத்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் தாத்தாவின் கடை எரிந்தது, கடை வாசலில் நின்ற வேன் எரிந்தது. ஹெரால்ட் மட்டும் எஞ்சின் இறக்கப்பட்டு, கட்டுகஸ்தோட்டை கராஜில் தார்ப்பாயின் கீழ்க் கிடந்ததால் தப்பியது. கராஜ்காரரான சிங்கள பாஸ் அதை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொண்டார். அந்தக் குடும்பத்து மகன்தான் பிறகு எங்களுக்குப் பாஸ். அவர் மாமாவை "முதலாளி" என்பார், மாமா அவரைப் "பாஸ்" என்பார். இருவருக்கும் மற்றவரின் சொந்தப் பெயர் நினைவிருந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான்.

ஹெரால்டின் முன் அச்சுத் துண்டுகளையே சாப்மனும் செவனின் பிந்திய வடிவங்களில் போட்டார் என்று தெரிந்தபோது மாமாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தத் துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தால்தான் அதன் சூட்சுமம் புரியும். சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிப்பாகம் ஒரு திருகாணி. அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அதற்கு ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்த மரைக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஒரு பக்கம் வலது மரை, மறு பக்கம் இடது மரை; மாற்றிப் போட முடியாது. காரின் முன்பாரம் முழுவதும் இந்தக் கைப்பிடியளவு மரையில்தான் நிற்கிறது.

இதற்குக் கிறீஸ் அடிக்கக் கூடாது. ஈபி 90 கியர் ஒயில்தான் போட வேண்டும். கிறீஸ் மேலே தடித்து நின்றுவிடும், மரையின் அடிக்கு இறங்காது. அடியில் தண்ணீர் தேங்கித் துரு பிடித்து, ஒரு நாள் தண்டு மரையோடு முறியும். சில்லு மடங்கிக் காரின் கீழே போகும். கண்டி மழையில் இது விளையாட்டில்லை. இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு. நடுவில் ஒக்டோபர் மாதத்துப் பின்னேர இடிமழை வேறு. மாமா கிறீஸ் கன் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, அதற்குள் கியர் ஒயில் நிரப்பி, அதன் மேல் சிவப்புத் துணி சுற்றி வைத்திருந்தார். சிவப்புத் துணி கன்னை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. நிப்பிளில் வைத்து அழுத்தினால் முதலில் கறுப்பாக ஒயில் கசியும், பிறகு தேன் நிறத்தில் வரும். தேன் நிறம் வரும்வரை அடிக்க வேண்டும். பாடசாலை விட்டு வந்து நான் முதலில் செய்யக் கற்ற வேலை இதுதான்.

தேய்ந்த ட்ரன்னியனுக்குப் புதிது கொழும்பில் கிடைக்கவில்லை. பஞ்சிகாவத்தையில் ஏறாத கடையில்லை. கடைசியில் சென்னையில் கிடைத்தது. ஹெரால்டை அங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் புரொடக்ட்ஸ் 1961இலிருந்து பத்து வருடம் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் செய்து விற்றது. தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம். கார் நின்று பல காலமாகியும் பாகங்கள் கடைகளின் பின்னறைகளில் இருந்தன. கோயில் யாத்திரைக்குப் போன அத்தை திரும்பும்போது, சேலைகளுக்கு நடுவே சுற்றி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய நாலு வெண்கலக் கட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். லண்டனில் வரைந்த காருக்கு மெட்ராசில் வார்த்த வெண்கலம்.

சட்டகம் ஒரு அங்குலச் சதுரக் குழாய், 16 கேஜ் தடிப்பு. ஒட்டும்போது ஒரு பக்கம் சூடேறி முறுக்கிக்கொள்ளும் என்பதால், பாஸ் ஒரு மூலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டு எதிர்மூலைக்குப் போவார். ஒரு மாலை முழுவதும் நாலைந்து மூட்டுத்தான் முடியும். எங்கள் அவசரம் அவரிடம் செல்லாது. சட்டகத்தின் மேல் அலுமினியத் தகடு, ரிவெட்டால் பொருத்தியது. மூக்கும் மட்காட்டும் பைபர்.

அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பொருமும். இதைப் புத்தகம் சொல்கிறது. ஆனால் எவ்வளவு வேகமாக என்பதைக் கண்டியில்தான் பார்க்க வேண்டும். ஒரு மழைக்காலம் முடிந்து ரிவெட் தலையை நகத்தால் சுரண்டினால் மாவு உதிர்ந்தது. எல்லாத் தகட்டையும் கழற்றி, குழாய்க்குப் பெயின்ற் அடித்து, இடையில் ரப்பர்ப் பசை வைத்து மறுபடி பொருத்தினோம். குழாய்களின் உட்புறம் இன்னொரு தொல்லை. வெளியே பளபளக்கும் குழாய் உள்ளே துரு தின்று தாள் போலாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் வருடத்துக்கொரு முறை, அடிக்குழாய்களில் வைத்திருந்த சிறு திருகாணிகளைக் கழற்றி, சூடாக்கிய பழைய ஒயிலும் மெழுகும் கலந்து ஊற்றி, சட்டகத்தை முன்னும் பின்னும் தூக்கிச் சாய்த்து ஓடவிடுவோம். பின்கட்டு முழுக்க அந்த வாசனை ஒரு வாரம் நிற்கும்.

என் பொறுப்பில் ஒரு கொப்பி இருந்தது. காரில் ஏறும் ஒவ்வொரு சாமானையும், காரிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சாமானையும் நிறுத்து அதில் எழுத வேண்டும். சில்லறைக் கடைத் தராசு ஒன்று அதற்கென்றே இருந்தது. "நிறுத்து எழுதும்மா" என்பது அந்தக் காலத்தில் மாமா என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை. ஸ்டார்லட்டின் பற்றரி 11 கிலோ. அதற்குப் பதில் மோட்டார் சைக்கிள் பற்றரி 4 கிலோ. பிளைவீலை லேத்தில் கடைந்ததில் 2 கிலோ 300 கிராம். ஹீட்டர் பெட்டி, கம்பள விரிப்பு, சாம்பல் கிண்ணம் என்று ஸ்டார்லட்டோடு வந்தும் எங்கள் காரில் ஏறாத சாமான்களுக்குத் தனிப் பக்கம். தேவைக்கு மேல் நீண்ட போல்ட்டுகளை அறுத்த துண்டுகளைக்கூட ஒரு பால்மா டின்னில் சேர்த்து நிறுத்தோம். ஏறத்தாழ ஒரு கிலோ வந்தது. மாமா அந்த டின்னை எறியவிடவில்லை. வருபவர்கள் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்வார்.

வந்தவர்கள் எல்லாரும் கேட்டது எஞ்சினைத்தான். "இதற்கு ஒரு ட்வின் கேம் போடலாமே" என்று சொல்லாதவர் இல்லை. டொயோட்டாவின் 4ஏ-ஜீஈ, 1,587 சிசி, 16 வால்வு. ஜப்பானில் அடித்த காரிலிருந்து கழற்றிய எஞ்சின்கள் பஞ்சிகாவத்தையில் வரிசையாக இருந்தன. பாஸுக்கே அதில் ஆசை. மாமா அசையவில்லை. எஞ்சின் கனத்தால் முன் சில்லில் பாரம் கூடும். பாரம் கூடினால் ஸ்பிரிங் தடிக்க வேண்டும், பிரேக் பெருக்க வேண்டும், ரேடியேட்டர் பெருக்க வேண்டும், சட்டகத்தில் குழாய் சேர்க்க வேண்டும். ஒன்றைப் போட்டால் நாலு வந்து ஏறும். அவர் சொன்ன இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. வலு வேண்டுமென்றால் அது கப்பலில் வர வேண்டும், காசு கொடுக்க வேண்டும், வரி கட்ட வேண்டும், அரசாங்கம் மறித்தால் நின்றுவிடும். எடையைக் குறைப்பதை இந்தப் பின்கட்டில் ஓர் அரத்தையும் துளை போடும் மெஷினையும் வைத்து நாமே செய்யலாம். இறக்குமதி மூடிக் கிடந்த எழுபதுகளில் இளந்தாரியாக இருந்தவர் பேச்சு அது. அந்த வருடங்களில் ஒரு கார்க்காரர் ஒரு சின்ன வோஷருக்காகக் கொழும்பு வரை பஸ் ஏறிய கதைகள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு.

எஞ்சின் விஷயத்தில் அவர் செய்த ஒரே பெரிய மாற்றம் 5கே. லைட்ஏஸ் வேனில் வரும் அதே குடும்பத்து எஞ்சின். பிஸ்டன் ஓடும் நீளம் 4கே போலவே 73 மில்லிமீற்றர், விட்டம் மட்டும் 75இலிருந்து 80.5 ஆகிறது. கொள்ளளவு 1,486 சிசி. வெளிப்பருமனில் பெரிய வித்தியாசமில்லை. சம்பும் மானிபோல்டும் 4கேயினுடையதைப் போட்டு, எங்கள் கியர்பொக்ஸில் பூட்டினோம். தராசில் எடை கூடவில்லை என்று கொப்பியில் நான் எழுதிய பிறகுதான் மாமா ஸ்டார்ட் பண்ணினார்.

இந்தக் காரில் நாங்கள் செய்த வேலைகளிலேயே என் மனதுக்கு மிக நெருக்கமானது நாலு மூலை எடை பார்த்தது. மொத்த எடை தெரிந்தால் போதாது. ஒவ்வொரு சில்லும் எவ்வளவு தாங்குகிறது என்று தெரிய வேண்டும். ஆடும் மேசையின் நாலு காலில் இரண்டு எதிர்க்கால்கள் மட்டும் தரையில் அழுந்துவது போல, காரும் ஒரு மூலைவிட்டத்தில் அதிக பாரத்தை வைத்து நிற்கலாம். அப்படி நின்றால் இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். இதற்கு நாலு தராசு வேண்டும். எங்களிடம் அந்த வசதியில்லை.

மாமாவின் கடைக்குத் தேயிலை எடுக்கும் தோட்டம் ஒன்று ஹந்தானைப் பக்கம் இருந்தது. தொழிற்சாலை ஓடாத ஒரு நாளில், பெரிய துரையிடம் அனுமதி வாங்கி, காரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோனோம். பச்சைக் கொழுந்து மூட்டைகளை நிறுக்கும் மேடைத் தராசு வாசலிலேயே இருந்தது. ஒரு சில்லு தராசின் மேல். மற்ற மூன்றுக்கும் தராசின் உயரத்துக்குச் சரியாகப் பலகை அடுக்கு. நீர்மட்டம் வைத்துப் பார்த்து, கடதாசித் துண்டு சொருகிச் சொருகி உயரத்தைச் சரிப்படுத்தினோம். டீமேக்கர் முதலில் ஒரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். தராசுக்காரர் அவர், முள் நிற்கும் முன்னர் எண்ணைச் சொல்லாதே என்று எனக்குக் கண்டிப்பாகச் சொன்னார்.

மாமா ஹெல்மெட் போட்டு இருக்கையில் உட்கார்ந்தார், ஓட்டுநர் பாரமும் கணக்கில் சேர வேண்டுமே. நாலு மூலையையும் நிறுத்துக் கூட்டிப் பார்த்தால், முன் இடது பின் வலது மூலைவிட்டம் மற்றதை விட 30 கிலோ கூடுதல். முன் இடது ஸ்பிரிங்கின் அடியில் உள்ள மரை வளையத்தை பாஸ் அரைச் சுற்று இறக்கினார். காரைத் தூக்கி, குலுக்கி, மறுபடி நாலு மூலையும். இன்னும் கால் சுற்று. மறுபடி நாலு மூலையும். பின்னேரம் மழை இறங்கும் நேரத்தில் வித்தியாசம் இரண்டு கிலோவுக்குள் வந்தது. ஆள் இல்லாமல் காரின் மொத்த எடை 541 கிலோ. டீமேக்கர் அதைத் தொழிற்சாலைப் பேனாவால் என் கொப்பியில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொழுந்துக் கணக்கில் போடும் அதே கையெழுத்து.

அந்தக் காருக்குப் புத்தகம் இல்லை, அதாவது பதிவு இல்லை. பின்கட்டில் கட்டிய காரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து எண் வாங்குவது நடக்கிற காரியமல்ல என்று மாமாவுக்கு முதலே தெரியும். ஆகவே அது பொது ரோட்டில் ஓடியதே கிடையாது. லொறியில் ஏறிப் போகும், தோட்டத்து ரோட்டில் இறங்கி ஓடும், லொறியிலேயே திரும்பும். ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்து லொறிக்காகக் கொங்கிரீட் போட்ட ஏற்றம் ஒன்று, தொழிற்சாலையிலிருந்து பங்களா வரை. வேலையில்லாத ஞாயிறு காலையில் இரு முனையிலும் ஆள் நிறுத்தி, பிள்ளைகளையும் மாடுகளையும் வீட்டுக்குள் அனுப்பிய பிறகுதான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்.

ஓட்டம் முடிந்ததும் ஸ்பனர் நேரம். சஸ்பென்ஷனில் உள்ள ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயின்றால் ஒரு கோடு, நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து. கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இலேசான காரில் அதிர்வு முழுவதும் நட்டுகளுக்கே போகிறது. கனத்த காரில் போல ரப்பரும் விரிப்பும் அதைத் தின்பதில்லை. படுத்துக்கொண்டே டோர்ச் அடித்து, முன் இடதிலிருந்து கடிகார முள் போகும் திசையில் ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு வருவேன். மாமா மேலே நின்று பெயர் சொல்வார், நான் கீழிருந்து "சரி" சொல்வேன். எத்தனை களைப்பென்றாலும் இதைச் செய்யாமல் லொறியில் ஏற்றியதில்லை.

காபரேட்டர் பாடம் நுவரெலியாவில் கிடைத்தது. மாமாவின் நண்பர் ஒருவரின் தோட்டம் அங்கே மேலே இருந்தது. கண்டியில் இசைபோலப் பாடிய எஞ்சின் அங்கே இருமியது. கழற்றிப் பார்த்தால் நாலு ப்ளக்கும் கரி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தும் பெற்றோல் அந்த அளவுக்குக் குறையாததால் கலவை தடித்துவிட்டது. நாங்கள் போட்டிருந்த வெபர் காபரேட்டரின் அழகு இங்கேதான். மேலே ஒரு மூடி, அதன் நடுவில் விரலால் திருகும் நட்டு. திறந்தால் ஜெட்டுகள் கைக்கு வரும். 135ஐ எடுத்துவிட்டு 130 போட்டோம். அந்த எண் துளையின் விட்டம், மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்காக. இரண்டு ஓட்டம் ஓடிக் கழற்றினால் ப்ளக் முனை பால் கலந்த கோப்பி நிறம். மாமா நாலு ப்ளக்கையும் என் உள்ளங்கையில் சூட்டோடு வைத்தார். நான் கைக்குட்டை விரித்து வாங்கிக்கொண்டேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. ஒரு காலத்தில் அடித்து நொறுக்கிய பிறகும் யாரும் சீந்தாத ஸ்டார்லட்டுகள் விலை ஏறின. இனி ஒருவர் அதை உடைத்து இப்படிக் கார் கட்டுவது நினைத்தும் பார்க்க முடியாதது. அதற்குப் பின் 2022. ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்காமல் பேராதனை ரோட்டில் இரவு முழுவதும் கார்களின் வரிசை. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. வாகன எண்ணைக் கொடுத்தால்தான் அட்டை. எண் இல்லாத எங்கள் காருக்கு ஒரு துளியும் கிடையாது. கிடைத்திருந்தாலும் மாமா போட்டிருக்க மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் இல்லாத காலத்தில் அதில் விளையாட முடியாது.

ஆகவே காரை நித்திரையாக்கினோம். டேங்கை வடித்து, எஞ்சினை ஓடவிட்டு, காபரேட்டர் தானே காய்ந்து நிற்கும் வரை விட்டோம். பெற்றோல் தேங்கினால் பிசினாக உறைந்து ஜெட்டை அடைக்கும். ப்ளக் துளைகளில் இரண்டிரண்டு கரண்டி ஒயில். பிரேக் ஒயில் கண்டியின் ஈரத்தைக் குடித்து சிலிண்டருக்குள் துருவை உண்டாக்கும் என்பதால் அதையும் வடித்தோம். சில்லுகள் தரையைத் தொடாமல் குற்றிகள் மேல் ஏற்றினோம். அதன் பிறகு கிழமைக்கு ஒரு முறை மாமா போய், எஞ்சினைக் கையால் ஒன்றரைச் சுற்று திருப்புவார். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ட்ரன்னியனுக்கு ஒயில் போகவிடுவார். கார் குற்றிகள் மேல் நின்ற இரண்டு வருடத்தில் அவருக்கு முழங்காலில் வாதம் கூடியது. நின்று செய்ததைக் கதிரை போட்டுச் செய்தார்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. புதுக் கார்கள் வருகின்றன, பெரும்பாலும் எடை கூடியவை. எங்கள் கார் அதற்கு முன்னமே குற்றியிலிருந்து இறங்கிவிட்டது. ஓட்டுவது இப்போது நான். மாமா கீழ் முனையில் கதிரையில் உட்கார்ந்து கடிகாரம் பிடிக்கிறார். வளைவுக்குள் நுழையும்போது முன் சில்லு எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்க்கலாம், மூடியே இல்லாத கார்தானே. சில்லில் ஒட்டிய ஈரக் கொழுந்துத் துணுக்கு சுற்றி வருவது வரை தெரியும். கொங்கிரீட்டில் உள்ள ஒவ்வொரு வெடிப்பும் ஸ்டியரிங்கில் வந்து சொல்லிவிட்டுப் போகும். 541 கிலோ இரண்டாம் கியரில் ஏற்றத்தின் மேல் எழும்பும்போது எஞ்சின் சிரமப்படுவதாகவே தோன்றாது. எவ்வளவோ பேர் எவ்வளவோ வலு வாங்கியும் இதை வாங்க முடியவில்லை என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றும், ஒவ்வொரு முறையும்.

பேராதனைப் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது வந்து போகிறார்கள். மடிக்கணினியில் சட்டகத்தை வரைந்து, எந்தக் குழாய் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று நிறம் நிறமாகக் காட்டினார்கள். பின்பக்கம் இரண்டு குழாய் நீல நிறத்தில் நின்றது; பாரமே இல்லையாம். மாமா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த இரண்டையும் வெட்டினால் எவ்வளவு என்று கேட்டார். அவர்களிடம் பதில் தயாராக இருந்தது: 1 கிலோ 100 கிராம். அவர்கள் சொன்ன இன்னொன்று லித்தியம் பற்றரி. இப்போதுள்ள 4 கிலோவுக்குப் பதில் ஒன்றரைக் கிலோதான். ஆனால் அது வெளியூரிலிருந்து வர வேண்டும், விலையும் அதிகம். சிங்கப்பூரிலிருந்து வருகிற ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

பற்றரி வரும்போது வரட்டும் என்கிறார் மாமா. அதைத் தாங்கும் இரும்புத் தட்டைக் கழற்றி நிறுக்கச் சொன்னார். 900 கிராம். அலுமினியத்தில் மடித்தால் 300க்குள் முடியும் என்று பாஸிடம் அளவு கொடுத்திருக்கிறார்; இந்தச் சனிக்கிழமை தருவதாகப் பாஸ் சொல்லியிருக்கிறார்.